பென்சிலில் எழுதிய பெயர்கள்

போன ஆவணியில் நித்யா என்ற பெண் என் வீட்டுக்கு வந்தார். கோவில்பட்டியில் நான் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்த நூற்பாலையில் இப்போது அவர்தான் மனிதவள அதிகாரி. எங்கள் காலத்தில் அந்த நாற்காலிக்கு லேபர் ஆபீசர் என்று பெயர். புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைத்திருக்கிறோம், பழைய டைம் கீப்பர் என்ற முறையில் நீங்கள் வந்து அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டார். வகுப்பில் கொடுக்கப் போகும் தாள் ஒன்றையும் காட்டினார். பல நாடுகளின் பெயர்களைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. எந்த நாட்டில் முதலாளி ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து எளிதில் நிறுத்தலாம், எந்த நாட்டில் முடியாது, நிறுத்தப்பட்டவனை எந்த அரசாங்கம் கவனித்துக்கொள்கிறது என்று வரிசையாக இருந்தது. நம் நாட்டுக்கு நேராக, நிறுத்துவது கடினம், தொழிலாளிக்குப் பாதுகாப்பு அதிகம் என்று எழுதியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண்ணின் முகம் சுருங்கிப் போயிற்று. தப்பாக இருக்கிறதா சார் என்று கேட்டார். தப்பில்லை அம்மா, ஆனால் மில் கேட்டுக்கு உள்ளே நிற்பவனைப் பற்றி மட்டும்தான் இதில் இருக்கிறது என்றேன். கேட்டுக்கு வெளியே யார் நின்றார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிய நியாயமும் இல்லை. இப்போது ஒப்பந்தக்காரர் வேனில் ஆட்களைக் கொண்டு வந்து இறக்குகிறார், ரேகை மிஷின் விரலைப் பார்த்துக் கதவைத் திறக்கிறது.

நாலு பேர் முன்னால் நின்று பேசுவது எனக்கு வராது. எழுதித் தருகிறேன், நீங்களே வாசித்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அதுதான் இது. அரை மணியில் முடியாது என்று நினைக்கிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயரும் பாஸ் பண்ணி, இருபத்தோராம் வயதில் டைம் ஆபீசில் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் டோக்கன் எண்ணியதையும் திட்டு வாங்கியதையும் தவிரச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நான்காம் வருடம்தான் பதிலிப் பதிவேட்டை என் கையில் கொடுத்தார்கள்.

பதிலி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மில்லில் நிரந்தரத் தொழிலாளிகள் உண்டு. ஒவ்வொருவருக்கும் எண் அடித்த பித்தளை டோக்கன், டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பக்கத்துப் பலகையில் ஆணியில் தொங்கும். ஷிப்டுக்கு வருகிறவர் தன் டோக்கனை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். ஷிப்டு தொடங்கிப் பத்து நிமிடத்தில் பெட்டியைப் பூட்டுவேன். பலகையில் எத்தனை டோக்கன் மிச்சம் தொங்குகிறதோ அத்தனை பேர் வரவில்லை. அத்தனை இடத்துக்கும் வெளியிலிருந்து ஆள் எடுக்க வேண்டும். அந்த ஆட்கள்தான் பதிலிகள். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியோடு நாற்பது பேர் நிற்பார்கள். நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பெயர் வாசிப்பேன். ஒன்பது இடம் இருந்தால் ஒன்பது பெயர். பதிவேட்டை மூடியதும் மீதிப் பேர் தூக்குச்சட்டியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். தீப்பெட்டி ஆபீசில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று சிலர் போவார்கள். சிலர் அடுத்த ஷிப்டு வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த ஊரில் பதிலிக்கு வேலை கொடுத்தது முதலாளி அல்ல, மழை. நிரந்தரத் தொழிலாளிகளில் பாதிப் பேர் சுற்றுக் கிராமங்களில் கரிசல் நிலம் வைத்திருப்பவர்கள். புரட்டாசி, ஐப்பசியில் ஒரு நல்ல மழை விழுந்தால் போதும், உழவுக்கும் விதைப்புக்கும் மில்லை விட்டு ஓடிவிடுவார்கள். கரிசலில் ஈரம் இருக்கும்போது விதைக்காவிட்டால் அந்த வருடம் போயிற்று. பிறகு களை எடுப்பு, மருந்தடிப்பு என்று கார்த்திகை, மார்கழி முழுக்கப் பலகையில் டோக்கன் தொங்கும். கையகல நிலம் இல்லாத பதிலிகள் நிலம் வைத்திருப்பவனைவிட அதிகமாக வானத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எட்டயபுரம் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் நாளைக்கு இருபது ஆள் வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடுவேன். அதற்காகவே சொந்தமாக ஒரு நோட்டு வைத்திருந்தேன். தினமும் முதல் கட்டத்தில் மழையா வெயிலா என்று எழுதுவேன், அடுத்த கட்டத்தில் எடுத்த பதிலிகள். அது ஆபீஸ் நோட்டு அல்ல. என் பழக்கம், அவ்வளவுதான்.

என் மேலதிகாரி வேதமாணிக்கம் சார், லேபர் ஆபீசர். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் எந்த வெயிலிலும் போட்டிருக்கும். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. கேட்டதைக் கொடுக்கும்போது உட்கார்ந்தபடியே தலையசைப்பார். முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தால் எழுந்து நிற்பார். ஒரு மனிதனிடம் இல்லை என்று சொல்லும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அவருடைய மரியாதை. அதனால் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டாலே எதிரில் நிற்பவனுக்குப் பதில் தெரிந்துவிடும்.

பதிவேட்டை என்னிடம் கொடுத்த அன்று அவர் ஒரு பென்சிலையும் கொடுத்தார். நிரந்தரத் தொழிலாளியின் வருகை மையில், பதிலியின் வருகை பென்சிலில். ஏன் சார் என்று கேட்டேன். "மையில எழுதினா அது சாட்சி தம்பி. பென்சில்ல எழுதினா குறிப்பு" என்றார்.

காரணம் எனக்குப் போகப்போகப் புரிந்தது. இரண்டு வருடத்துக்குள் ஒருவன் நானூற்றெண்பது நாள் வேலை பார்த்துவிட்டால் அவனை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டம். நிரந்தரம் ஆனவனை அனுப்புவது லேசில் நடக்கிற காரியம் அல்ல. ஆகவே ஒரு பதிலியின் நாள் நானூற்று அறுபதைத் தொட்டதும் நான் அவன் பெயரை வாசிக்கக் கூடாது. இரண்டு மூன்று மாதம் அப்படியே விட்டால் பழைய மாதங்கள் கணக்கிலிருந்து கழிந்துவிடும், எண்ணிக்கை இறங்கிவிடும். அதன் பிறகு திரும்பவும் வாசிக்கலாம். அவனிடம் எதுவும் சொல்லக் கூடாது. கடிதம் கிடையாது, உத்தரவு கிடையாது. பெயரை வாசிக்காமல் பதிவேட்டை மூடுவது, அவ்வளவுதான். தொழிலாளிகள் இதற்குத் தரிசு போடுவது என்று பெயர் வைத்திருந்தார்கள். "நம்மள எப்ப சார் தரிசு போடப் போறீய?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். நானும் சிரிப்பேன். எத்தனை பேரைத் தரிசு போட்டேன் என்று இப்போது எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு தடவை வேதமாணிக்கம் சாரிடம் இது பாவம் இல்லையா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நம்ம சட்டம் உள்ள வந்தவனை வெளிய விடாது. அதனாலயே வெளிய நிக்கவனை உள்ள விட மொதலாளிக்குப் பயம். நடுவுல நாம ரெண்டு பேரும் பென்சிலோட நிக்கோம்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

இனி சுடலைமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டயபுரம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சின்ன ஊர் அவனுக்கு. நிலம் கிடையாது. மனைவி வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவார். நான் பார்க்கத் தொடங்கியபோது முப்பது வயது இருக்கும். ஏழு வருடமாகப் பதிலியாக நின்றுகொண்டிருந்தான். ஸ்பின்னிங்கில் இழை அறுந்தால் அவன் விரல் போய் முடிச்சுப் போடுவது கண்ணுக்குத் தெரியாது, மேஸ்திரிகள் அவனைக் கேட்டு வாங்குவார்கள். மூன்று தடவை அவனைத் தரிசு போட்டிருக்கிறேன். மூன்று தடவையும் அந்த மாதங்களில் ஒரு நாள்கூடத் தவறாமல் வேப்பமரத்தடியில் வந்து நின்றான். பெயர் வாசிக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் ஏன் வருகிறாய் என்று கேட்டால், "வராம இருந்தா நீங்க மறந்துருவிய சார்" என்பான். நிரந்தரமாகி, தன் எண் அடித்த ஒரு பித்தளை டோக்கன் அந்தப் பலகையில் தொங்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மில்லில் புது மெஷின்கள் வந்தன. ஸ்பின்னிங் ஹாலுக்குள் காற்றின் ஈரத்தைச் சமமாக வைக்க ஒரு பிளாண்ட் வாங்கினார்கள். பெட்டி பெட்டியாகத் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி லாரியில் வந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க டென்மார்க்கிலிருந்து ஒரு பிட்டர் வந்தார். யென்சன் என்றுதான் என் காதில் விழுந்தது. தொழிலாளிகளுக்கு அவர் வெள்ளையண்ணாச்சி. உதவிக்கு ஒரு ஆள் கேட்டார். அந்த நாள் பதிலியாக எடுத்திருந்த சுடலைமுத்துவை அனுப்பினோம். இருவருக்கும் ஒரு பாஷையும் பொது இல்லை. ஆனாலும் ஒருவர் கையை நீட்டினால் மற்றவர் சரியான ஸ்பேனரை வைத்தார்.

ஒரு நாள் காலையில் யென்சன் என் ஜன்னலுக்கு வெளியே நின்று நான் பெயர் வாசிப்பதை வேடிக்கை பார்த்தார். பதிவேட்டை மூடியதும் மீதிப் பேர் கலைந்து போவதையும் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். அடையவில்லை. எங்கள் ஊரிலும் முதலாளி நினைத்தால் சுலபமாக அனுப்பிவிடுவார், என்னையே மூன்று தடவை அனுப்பியிருக்கிறார்கள் என்றார். முதலில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டராக இருந்தாராம். அதை மூடிவிட்டார்கள். அப்புறம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். என் கேள்வி அவருக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டதும் சொன்னார்: அடுத்த வேலை கிடைக்கிறவரைக்கும் சங்கத்து நிதியும் அரசாங்கமும் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டன, இந்தப் பிளாண்ட் வேலையையும் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பஸ் மாறி ஏறிய கதையைச் சொல்வதுபோல் அதைச் சொன்னார்.

அன்று முழுவதும் எனக்கு அதே நினைப்பாக இருந்தது. அவர்கள் ஊரில் வேலைக்குக் காவல் இல்லை, ஆளுக்குக் காவல் இருக்கிறது. எங்கள் மில்லில் உள்ளே இருப்பவன் வேலைக்கு இரும்புப் பூட்டு, வெளியே நிற்பவன் வாசிக்கப்படாத ஒரு பெயர். வேதமாணிக்கம் சாரிடம் சொன்னபோது அவர் மணிக்கட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். பிறகு, அந்த ஊரில் மழை வருடம் முழுக்கப் பெய்யும் தம்பி என்று மட்டும் சொன்னார்.

அந்த வருடம் எங்களுக்கும் நல்ல மழை. நிரந்தரங்கள் எல்லாம் காட்டில் இருந்தார்கள், சுடலைமுத்துக்குத் தொடர்ந்து வேலை கிடைத்தது. நான் கூட்டிப் பார்த்தபோது நானூற்று அறுபத்தொன்று ஆகியிருந்தது. ஒரு நாள் கூடிவிட்டதே என்று பதறி, மறுநாள் அவன் பெயரை வாசிக்கவில்லை. வேறு ஆளை அனுப்பினேன். யென்சன் அந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு நேரே மேனேஜரிடம் போனார். வேலை பாதியில் நிற்கிறது, எனக்குப் பழகின ஆள்தான் வேண்டும், இல்லாவிட்டால் தாமதத்துக்கு நான் பொறுப்பில்லை என்றார். மேனேஜர் வேதமாணிக்கம் சாரைக் கூப்பிட்டார்.

சார் ஒரு வழி கண்டுபிடித்தார். மெயின்டனன்சில் பெருமாள்சாமி என்று ஒரு நிரந்தர ஹெல்பர். பன்னிரண்டு ஏக்கர் கரிசல்காடு, அப்போது உளுந்து விதைப்பில் இருந்தார். பலகையில் அவருடைய டோக்கன் சும்மா தொங்கியது. அந்த டோக்கனைச் சுடலைமுத்து எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். பதிவேட்டில் பெருமாள்சாமி வந்ததாக மையில் எழுதப்படும். கூலி பெருமாள்சாமி கை வழியாகச் சுடலைமுத்துக்குப் போகும். பெருமாள்சாமிக்கு லீவு மிச்சம், மில்லுக்குப் பிளாண்ட் மிச்சம். சுடலைமுத்துவின் பென்சில் கணக்கு நானூற்று அறுபத்தொன்றிலேயே நிற்கும். மனிதனுக்கு வேலை உண்டு, அவன் கணக்கில் நாள் ஏறாது.

அதை அவனிடம் சொன்னது நான்தான். அவன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "பேர் எதுவா இருந்தா என்ன சார். பெருமாள்சாமின்னு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்குதேன்" என்றான். முதல் நாள் அந்தப் பித்தளை டோக்கனை ஆணியிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போட்டான். நான் பதிவேட்டில் மையால் பெருமாள்சாமி என்று எழுதினேன். வீட்டுக்கு வந்து என் நோட்டில், சு.முத்து, டென்மார்க் பிளாண்ட் என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால் பழக்கம் என்றுதான் சொல்வேன். பதினெட்டு நாள் இப்படி நடந்தது.

அடுத்த நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிளாண்ட் விசிறியின் பெல்ட்டில் அவன் வலது கை சிக்கியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. யென்சன்தான் மெயினை அணைத்து, தன் சட்டையைக் கழற்றிக் கையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது அந்தச் சட்டைதான். முடிச்சுப் போடும் விரல்கள் அவை என்ற நினைப்பு எனக்குப் பிறகுதான் வந்தது.

அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நானும் சாரும் அறையில் உட்கார்ந்தோம். விபத்துப் பாரத்தை ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு ஆபீசுக்கு மறுநாளைக்குள் அனுப்ப வேண்டும். பெயர், டோக்கன் எண், எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார், எந்த மெஷினில் நின்றார் என்று வரிசையாகக் கட்டங்கள். முதல் கட்டத்திலேயே என் பேனா நின்றுவிட்டது. பதிவேட்டின்படி அன்று அந்த மெஷினில் நின்றது பெருமாள்சாமி. சார் காட்டுக்கு ஆள் அனுப்பி அவரை வரவழைத்தார். முழங்கால் வரைக்கும் கரிசல் மண்ணோடு வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தார்.

"எனக்குப் பத்து வெரலும் இருக்கே சார். நான் எந்த ஆஸ்பத்திரிக்குப் போயிக் காட்டுவேன்?" என்றார். ஆள் மாறாட்டம் என்று வெளியே வந்தால் அவர் வேலையும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

அவர் போன பிறகு, எல்லாவற்றையும் உள்ளபடி எழுதிவிடலாமா சார் என்று கேட்டேன். நாற்காலி பின்னால் நகர்ந்தது. என்னிடம் அவர் எழுந்து நின்று பேசியது அந்த ஒரே தடவைதான்.

"இன்னைக்கு ஒரு நாள அவன் பேர்ல போடுவோம். கை அவனோடது. வைத்தியமும் பென்ஷனும் அவனுக்குப் போய்ச் சேரட்டும். முந்தின பதினெட்டு நாளும் இருந்தபடி இருக்கட்டும்."

சாருக்கு அது கருணை என்றுதான் பட்டிருக்க வேண்டும். எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. பதிவேட்டில் அன்றைய ஒரு நாளைப் பெருமாள்சாமியிடமிருந்து அவனுக்குப் பென்சிலில் மாற்றினேன். பாரத்தில் சுடலைமுத்து என்று மையில் எழுதினேன். முதன்முறையாக அவன் பெயரை மையில் எழுதியது விபத்துப் பாரத்தில். யென்சன் இரண்டு வாரத்தில் ஊருக்குப் போனார். போகும்போது என்னிடம், உதவியாளின் பெயரை என் தினசரித் தாளில் ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறேன், அவனுக்கு எல்லாம் சரியாகக் கிடைக்கும்தானே என்று கேட்டார். கிடைக்கும் என்றேன். அந்தத் தாள்களும் அவரோடு டென்மார்க் போயின.

ஈ.எஸ்.ஐ.யில் வைத்தியம் நடந்தது, ஊனத்துக்கான மாதத் தொகையும் வந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு காலையில் சுடலைமுத்து தூக்குச்சட்டியை இடது கையில் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் வந்து நின்றான். நான் அவன் பெயரை வாசிக்கவில்லை. அன்று மட்டும் அல்ல, அதன் பிறகு ஒரு நாளும் வாசிக்கவில்லை. விரல் இல்லாதவனை எந்த மேஸ்திரியும் கேட்கவில்லை. தை மாதம் புதுப் பதிவேடு போட்டபோது, அதில் பென்சிலில் எழுதிய அவன் பெயரை ரப்பரால் அழித்தது நான்தான். யாரும் சொல்லி அழிக்கவில்லை.

அவன் நிரந்தரம் கேட்டுத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனான். வழக்கு வருடக் கணக்கில் இழுத்தது. மில் தரப்புச் சாட்சியாகப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். பதிவேட்டில் அவன் நாள், விபத்து நடந்த நாளையும் சேர்த்து நானூற்று அறுபத்திரண்டு. அவனுடைய வக்கீல் அந்தப் பதினெட்டு நாளைப் பற்றிக் கேட்டார். அன்றெல்லாம் பிளாண்டில் யார் நின்றது என்றார். பதிவேட்டில் பெருமாள்சாமி என்று இருக்கிறது என்றேன். பதிவேட்டைக் கேட்கவில்லை, உங்களைக் கேட்கிறேன் என்றார். பதிவேட்டில் உள்ளதுதான் எனக்குத் தெரியும் என்றேன்.

சுடலைமுத்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். வழக்குத் தள்ளுபடியாயிற்று.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நித்யா போன்றவர்கள் கேட்கக்கூடும். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பயம். பொய்ப் பதிவு எழுதியவன் என்று என்னை அனுப்பிவிடுவார்கள். எனக்கு இன்னும் பத்து வருடத்துக்குமேல் சர்வீஸ் இருந்தது. என் பெயர் மையில் எழுதப்பட்ட பெயர். அதைக் காப்பாற்றிக்கொள்ள அவன் பெயரைக் கொடுத்தேன். வேதமாணிக்கம் சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போய், சில வருடங்களில் காலமானார். நானும் மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நோட்டு மட்டும் அலமாரியில் இருந்தது.

நித்யா வந்துபோன பிறகு அதை எடுத்தேன். அந்தப் பதினெட்டு தேதிகளையும் ஒரு தாளில் மையால் எழுதினேன். கீழே, இந்த நாட்களில் வேலை பார்த்தது சுடலைமுத்து, எழுதியது பழைய டைம் கீப்பர் என்று கையெழுத்துப் போட்டேன். இதனால் இனி எந்த நீதிமன்றத்திலும் எதுவும் ஆகப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டயபுரம் பஸ் ஏறினேன்.

சுடலைமுத்துக்கு முடியெல்லாம் நரைத்துவிட்டது. புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் தையல் கூடத்தில் வாட்ச்மேனாக இருக்கிறாராம், அன்று லீவு. மனிதனுக்கு வயதாகிவிட்டதால் இனி அவரை அவன் என்று எழுத எனக்கு வரவில்லை. மகன் ஷார்ஜாவில், இரண்டு வருட விசாவில். "விசா முடிஞ்சா அன்னைக்கே பெட்டியக் கெட்டணும். அங்கன பதிலியும் கெடையாது, நெரந்தரமும் கெடையாது" என்று சொல்லிச் சிரித்தார். மில்லில் என்னைச் சார் என்றவர் இப்போது அண்ணாச்சி என்றார். காப்பி வந்தது. நான் குடிக்காமல் தாளை நீட்டினேன். நானூற்று அறுபத்திரண்டோடு பதினெட்டைக் கூட்டினால் நானூற்றெண்பது சரியாக வருகிறது, உங்களுக்கு நிரந்தரம் வந்திருக்க வேண்டும், என் வாயால்தான் போயிற்று என்றேன். இதைச் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. மருமகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அந்தப் பெண் தேதிகளை ஒவ்வொன்றாக வாசிக்க, இவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். பதினோராவது தேதியில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அன்னைக்கு நான் வரல அண்ணாச்சி."

என் நோட்டில் இருக்கிறதே என்றேன்.

"நோட்டுல இருக்கும். நீங்க பழக்கத்துல எழுதியிருப்பிய. அன்னைக்கு நல்ல மழை. ஓடையில தண்ணி போயி பஸ் வரல. நான் வீட்லதான் கெடந்தேன். அத அடிச்சிருங்க."

பேனாவை எடுத்து அந்தத் தேதியை அடித்தேன். அவர் தாளை வாங்கி மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். வலது கையின் மூன்று விரல்களால் பையை ஒரு தட்டுத் தட்டினார்.

"அப்ப நானூத்தி எழுவத்தொம்பது. ஒரு நாள் கொறையுதுல்லா. கோர்ட்டுல சொன்னது சரிதான். இதப் போட்டு மனசுல வச்சிக்கிட்டு அலையாதிய."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு இருந்த நிம்மதியை மறைக்க மாட்டேன். இத்தனை வருடமாக நான் சுமந்தது ஒரு நாள் பிழையான கணக்கு என்று தோன்றியது. என் பொய் எதையும் மாற்றியிருக்காது, உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவருக்கு ஒரு நாள் குறைந்துதான் இருக்கும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே காடெல்லாம் உழுது போட்டு மழைக்குக் கிடந்தது. பார்க்க நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தேன், அங்கேயும் அந்தத் தேதியை அடித்துவிட வேண்டும் என்று. பக்கத்தைக் கண்டுபிடித்தேன். சு.முத்து, டென்மார்க் பிளாண்ட் என்று இருந்தது. அதற்கு முந்தின கட்டத்தில், மழைக்கான கட்டத்தில், வெயில் என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது. அதற்கு மேல் வரியிலும் வெயில். அதற்கும் மேல் வரியிலும் வெயில்தான். அந்த மூன்று நாளும் ஒரு தூறல்கூட இல்லை. ஓடையில் தண்ணீர் போயிருக்க வழியே இல்லை.

நித்யா அவர்களே, உங்கள் தாளில் பல நாடுகள் இருக்கின்றன. எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. வகுப்பில் இதை வாசித்துக் காட்டிவிட்டு, உங்கள் அலுவலகக் கோப்பில் ஒரு பிரதி வையுங்கள். அந்தத் தேதியை நோட்டில் நான் அடிக்கவில்லை. தாளில் அடித்ததையும் திரும்ப எழுதிவிட்டேன். சுடலைமுத்து வேலை பார்த்தது நானூற்றெண்பது நாள். இதை மையில் எழுதுகிறேன்.